பூட்டு வைத்த மூடி

அன்று பட்டறையில் இருந்தவர்கள்: கண்ணாடிக் கடைக்காரர். அவருடைய மனைவி. மனைவியின் தம்பி, அதாவது கடையின் வேனை ஓட்டுகிறவன். மெக்கானிக். இந்த நால்வரும் இருக்க வேண்டியவர்கள். ஐந்தாவதாக ஒருவர் இருந்தார். அவருக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. ஓய்வுபெற்ற தபால்காரர். அவருடைய மொபெட் பட்டறையின் மூலையில் துண்டு துண்டாகக் கிடந்தது, அவரும் அதன் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் கிடந்தார். தெருவில் அவருக்கு ரேடியோ என்று பெயர். காரணம் கேட்க வேண்டியதில்லை.

ஆறாவதாக வேனையும் சேர்த்துக்கொள்ளலாம். வழக்கே அதைப் பற்றியதுதான். பெட்ரோலில் ஓடும் கிழட்டு வேன். பெட்ரோல் முள் செத்து வருஷங்கள் ஆகின்றன. இடதுபக்கக் கதவை உள்ளிருந்து திறக்க முடியாது. மற்றபடி நல்ல வண்டி, ஓடுகிறவரை. கொஞ்ச காலமாக அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துபோக ஆரம்பித்திருந்தது.

தினமும் அணைந்தால் கண்டுபிடித்துவிடலாம். இது அப்படியில்லை. தொலைவாகப் போகும்போது திடீரென்று இழுவை குறையும். இரண்டு மூன்று முறை குலுங்கும். பிறகு செத்துவிடும். சாவியைத் திருகினால் பேட்டரிதான் களைக்கும். ஓரமாகத் தள்ளிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால், ஒன்றுமே நடக்காதது போல மறுபடி கிளம்பும். இதெல்லாம் மனைவியின் தம்பி தனியாக ஓட்டும்போதுதான் நடந்தது. கடைக்காரர் கூட இருந்தால் ஒருநாளும் நடந்ததில்லை.

"நான் ஏறுனா ஒழுங்கா ஓடுது. வண்டிக்கு ஆள் தெரியுது போல" என்று சொல்வார், மச்சான் காதில் விழுகிற மாதிரி.

மெக்கானிக் பிளக்குகளை மாற்றினான். காயிலை மாற்றினான். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினான். கொஞ்ச நாள் கழித்து மறுபடி கழற்றிக் கழுவினான். புதிய பெட்ரோல் பம்ப் போட்டான். ஒவ்வொரு முறையும் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, "தங்கம் மாதிரி ஓடுதுண்ணே" என்று சாவியைக் கொடுத்தான். தெருவைச் சுற்றுவதற்கு அது எப்போதும் தங்கம்தான்.

போன வாரம் ஒரு மருந்துக்கடைக்கு முகப்புக் கண்ணாடிகள் போயின. மேம்பாலத்தின் ஏற்றத்தில் வேன் அணைந்தது. என்ஜின் அணைந்தால் அந்த வண்டியின் பிரேக்கும் கல்லாகிவிடும். மச்சான் ஏறி நின்று மிதித்தும் வேன் பின்னால் உருண்டு ஒரு விளக்குக் கம்பத்தில் இடித்தது. பின்னால் ஒரு கண்ணாடி கூட முழுசாக இல்லை. சரிந்து வந்ததை ஓடிப்போய்த் தாங்கப் பார்த்ததில் அவன் வலது உள்ளங்கை கிழிந்தது. தையல் போட்டுக் கட்டியிருந்தார்கள்.

கடைக்காரர் முதலில் கண்ணாடிகளைப் பற்றித்தான் கேட்டார். கையைப் பற்றி அப்புறம் கேட்டார். கேட்டார் என்பது உண்மை.

"உன் தம்பி வேணும்னே பண்றான். எங்கயோ போய் உக்காந்துட்டு வண்டி நின்னுடுச்சுன்னு கதை விடறான். இனிமே அவன் இங்க வேணாம்" என்று மனைவியிடம் சொன்னார்.

அவள் கண்ணாடி ஓரங்களைச் சாணைக்கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்தாமல் பதில் சொன்னாள்.

"வண்டில கோளாறு இல்லைன்னு மெக்கானிக் என் முன்னாடி சொல்லட்டும். அப்புறம் நானே அவனைப் போகச் சொல்றேன். நீங்க சொல்ல வேணாம்."

அதனால்தான் அன்று எல்லோரும் பட்டறைக்கு வந்தார்கள். வேனில் கோளாறு இருந்தால் தம்பி இருப்பான். இல்லையென்றால் போவான்.

கடைக்காரர் தைரியமாக வந்தார். அவரிடம் இன்னொரு சாட்சியும் இருந்தது, யாரிடமும் சொல்லாதது. முள் செத்துப்போனதால் அவர் டேங்கில் ஒரு மரக்குச்சியை விட்டுத்தான் பெட்ரோல் அளப்பார். காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. சில மாதங்களுக்கு முன், சாயங்காலம் நனைந்த அளவுக்குக் காலையில் குச்சி நனையவில்லை. ஒருநாள் அல்ல, பல நாள். வேன் ராத்திரி நிற்பது கடையும் வீடும் சேர்ந்த மதிலுக்குள்ளே. கேட்டுக்குப் பூட்டு உண்டு. உள்ளே இருப்பவர்கள் அவர், அவர் மனைவி, கடையின் பின்னறையில் படுக்கும் மச்சான். கணக்கு சுலபம் என்று அவருக்குத் தோன்றியது.

அவர் யாரையும் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்கிற ஆள் இல்லை அவர். பழைய சாமான் கடைக்குப் போய்ப் பூட்டு வைத்த டேங்க் மூடி ஒன்றை வாங்கி வந்தார். வேறு ஏதோ வண்டியின் மூடி. கொஞ்சம் லொடலொடத்தது. டயர் டியூபிலிருந்து வட்டமாக ஒரு வாஷர் வெட்டிப் போட்டதும் கச்சிதமாக உட்கார்ந்தது. பழைய மூடி எங்கேயோ விழுந்துவிட்டது என்று வீட்டில் சொன்னார். சாவி அவருடைய சட்டைப்பைக்குப் போனது. அதன் பிறகு பெட்ரோல் குறையவே இல்லை. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அவர்களைப் பார்த்ததும் ரேடியோ எழுந்து நின்றார்.

"என்ன, குடும்பத்தோட? வண்டிக்குப் பொண்ணு பாக்கவா?"

"உங்க மொபெட்டுக்குத்தான் பாக்கறோம். கை வேற கால் வேறயா கிடக்கு, ஒருத்தியும் ஒத்துக்க மாட்டேங்கறா" என்றான் மெக்கானிக். பிறகு கடைக்காரரின் மனைவியைப் பார்த்துக் குரலை மாற்றினான். "அக்கா, வாங்க. உக்காருங்க. அண்ணன் எல்லாம் சொன்னாரு. நான் எழுதித் தரக்கூட ரெடி. என்ஜின்ல ஒரு குறை கிடையாது."

"எழுத வேணாம். ஓட்டிக் காட்டுங்க."

"இப்பவே ஒரு ரவுண்டு..."

"தெருவைச் சுத்தறது வேணாம். பைபாஸ்ல ஏறி, ஊர் தாண்டிப் போய்ட்டுத் திரும்பலாம். எல்லாரும் போவோம். இவன்தான் ஓட்டணும்."

மெக்கானிக் மச்சானின் கையைப் பார்த்தான். "முடியுமா தம்பி?"

"விரல் நல்லாத்தான் இருக்கு."

அவன் அன்று பேசிய முதல் வார்த்தைகள் அவைதான். பட்டறைக்கு வரும் வழியெல்லாம் வேனின் பின்பக்கத்தில் உட்கார்ந்து வந்திருந்தான்.

முன்சீட்டில் ஓட்டுகிறவன், நடுவில் அக்கா, கதவோரம் மெக்கானிக். கடைக்காரருக்குப் பின்னால்தான் இடம். கண்ணாடிகளைச் சாய்த்து நிறுத்தும் மரச்சட்டத்துக்குக் கீழே சாக்குகள் மடித்துக் கிடந்தன. சொந்த வண்டியில் முதல் தடவையாக அவர் அங்கே உட்கார்ந்தார். கதவைச் சாத்தப் போகும்போது ரேடியோவும் ஏறிக்கொண்டார். யாரும் கூப்பிடவில்லை.

"பின்னாடி உக்காந்தா நாமளும் சரக்குதாண்ணே. உடையாமப் போய்ச் சேரணும்" என்றார்.

கடைக்காரர் சிரிக்கவில்லை. மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். சாக்கில் இன்னும் உடைந்த தூள் இருந்தது. கால்சட்டையைத் தாண்டிக் குத்தியது.

வேன் நன்றாக ஓடியது. பைபாஸில் ஏறியபோது ஒரு சிணுங்கல் கூட இல்லை. வழியில் அவர் வழக்கமாக நிறுத்தும் பெட்ரோல் பங்க் வந்தது. அவர் கூட வருகிற நாளெல்லாம் அங்கே இறங்கி, தானே மூடியைத் திறந்து, கொஞ்சம் ரொப்பிக்கொள்வார். அந்த ஒரு பங்க்கின் மீட்டரைத்தான் அவர் நம்பினார். கை தானாகத் தடுப்புத் தகரத்தைத் தட்டியது.

"பங்க்ல நிறுத்து. கொஞ்சம் போட்டுக்கலாம்."

"நேத்துதானே கழுத்து வரைக்கும் ரொப்பினீங்க?" என்றாள் மனைவி திரும்பாமல்.

உண்மைதான். பெட்ரோல் இல்லாமல் நின்றது என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது என்பதற்காகவே ரொப்பியிருந்தார்.

வேனின் வேகம் குறைந்தது. "நிறுத்தவா அக்கா?"

"போ."

அவன் தன்னைக் கேட்காமல் அவளைக் கேட்டதைக் கடைக்காரர் கவனித்தார். வீட்டுக்குப் போனதும் சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கத் தொடங்கினார். கோபமாகச் சொல்லக்கூடாது. பெரிய மனுஷன் மாதிரிச் சொல்ல வேண்டும். தம்பி, உனக்கும் வயசாகுது, சொந்தக் கால்ல நிக்கிற வழியைப் பாரு, அப்படி. செலவுக்கு ஏதாவது கையில் கொடுத்தால் மனைவிக்கும் பேச இடமிருக்காது. இந்த இடத்தில் அவருக்குத் தன்மேலேயே கொஞ்சம் மரியாதை வந்தது.

அப்போதுதான் இழுவை குறைந்தது.

முதலில் காற்றுதான் எதிர்த்து வீசுகிறது என்று நினைத்தார். பிறகு வேன் குலுங்கியது. ஒருமுறை. இன்னொருமுறை, பலமாக. ரேடியோ அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுக்காதடா!" என்று கத்தினார் கடைக்காரர்.

"அண்ணே, கால் அழுத்தினபடிதான் இருக்கு. நான் அதைத்தான் பாத்துட்டே வர்றேன்" என்றான் மெக்கானிக்.

என்ஜின் அணைந்தது. டயர்களின் சத்தம் மட்டும் மிச்சமிருந்தது. மச்சான் கிடைத்த வேகத்திலேயே வண்டியை ஓரத்துக்குக் கொண்டுவந்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இறங்கிச் சுற்றிவந்து இடதுபக்கக் கதவை வெளியிலிருந்து திறந்துவிட்டான். பழகிய வேலை. யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மெக்கானிக்கின் முகம் மாறியிருந்தது. எழுதித் தருகிறேன் என்று சொன்னவன் அவன். பானெட்டைத் தூக்கினான். ஒரு பிளக் வயரைப் பிடுங்கி இரும்புக்குப் பக்கத்தில் பிடித்து, "அடி" என்றான். மச்சான் சாவியைத் திருப்பினான். நீலமாகப் பொறி தாவியது.

"கரண்ட் இருக்கு."

கார்புரேட்டரின் வாயை எட்டிப் பார்த்து, ஆக்சிலேட்டர் கம்பியைக் கையால் இழுத்து இழுத்து விட்டான். உள்ளே ஒரு துளி கூடப் பீச்சவில்லை.

"காஞ்சு கிடக்கு. பெட்ரோல் வரல. டேங்க்ல இருக்குங்கறீங்க, இங்க சொட்டு இல்ல. பம்ப்போ புதுசு." டேங்கிலிருந்து பம்ப்புக்கு வரும் குழாயைப் பிடுங்கி, முனையை வாயில் வைத்து உறிஞ்சினான். அடுத்த கணம் கண்ணை விரித்துக்கொண்டு குழாயை எடுத்தான். நாக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"என்னப்பா?" என்றார் ரேடியோ.

"நான் அதை உறிஞ்சினா, அது என்னை உறிஞ்சுது." குழாயையும் டேங்க் இருக்கிற திசையையும் மாறி மாறிப் பார்த்தான். "அண்ணே, டேங்க் மூடியைத் திறங்க."

"அதுல என்ன இருக்கப்போகுது?"

"திறங்களேன்."

கடைக்காரர் கால்சட்டைப் பைகளில் தேடினார். சாவி அங்கே இல்லை என்று அவருக்குத் தெரியும். பிறகு சட்டைப்பையில் கைவிட்டு எடுத்தார். அந்தச் சின்னச் சாவியை மனைவி பார்த்தாள். தினமும் துவைக்கப் போடும் சட்டையிலிருந்து அவள் எடுத்து மேசைமேல் வைக்கிற சாவிதான். எதனுடையது என்று அவளும் கேட்டதில்லை.

அவர் பூட்டைத் திறந்து மூடியைத் திருகினார். கைக்கு வரவில்லை. யாரோ உள்ளேயிருந்து இழுத்துப் பிடித்திருப்பது போலிருந்தது. பலம் கொடுத்துத் திருகியதும் சத்தம் கேட்டது. உஸ்ஸென்று நீளமான சத்தம். வெளியே வருகிற காற்று அல்ல, உள்ளே போகிற காற்று. போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் டேங்கின் தகரம் ‘டங்’ என்று தன் வடிவத்துக்குத் திரும்பியது.

மெக்கானிக் குழாயை மாட்டினான். "அடி."

கொஞ்ச நேரம் சுழன்றது, பிறகு என்ஜின் பற்றிக்கொண்டது. சீராக ஓடியது.

"அடேங்கப்பா" என்றார் ரேடியோ.

மெக்கானிக் கடைக்காரரின் கையிலிருந்து மூடியை வாங்கித் திருப்பிப் பார்த்தான். "இது இந்த வண்டி மூடியே இல்லையே. இந்த வண்டிக்கு டேங்க் மூச்சு விடறதே மூடியில இருக்கற ஓட்டை வழியாத்தான். பெட்ரோல் போகப் போக அந்த எடத்துக்குக் காத்து வரணும். இதுல ஓட்டையே இல்ல. காத்து வராம டேங்க் இழுத்துப் பிடிச்சுக்குது, பம்ப்பால எடுக்க முடியல. அதான் நிக்குது. கொஞ்ச நேரம் நின்னா எங்கயாவது கசிஞ்சு உள்ள போகும், மறுபடி ஓடும். நடுவுல யாராவது மூடியைத் திறந்தா நிக்கவே நிக்காது." அவனுடைய விரல் வாஷரைத் தடவியது. "இது யாரு வெட்டினது?"

"நான்தான்."

"சுத்தமான வேலைண்ணே. கம்பெனிக்காரன் கூட இவ்வளவு டைட்டாப் போட மாட்டான்."

பாராட்டாகவே சொன்னான். பிறகுதான் அவனுக்குக் கோபம் வந்தது. "ரெண்டு தடவை கார்புரேட்டரைக் கழட்டினேன். பம்ப்பை மாத்தினேன். ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா, மூடி மாத்தியிருக்கேன்னு? பழைய மூடி என்னாச்சு?"

பழைய மூடி கடை மேசையின் இழுப்பறையில் இருந்தது.

"நானும் ஒரு மடையன். தெருவைச் சுத்திட்டுச் சாவியைக் கொடுத்தேன். அண்ணன் பூட்டி வெச்சிருக்காரு, நாம எதுக்குத் திறக்கச் சொல்லணும்னு விட்டுட்டேன்" என்று மெக்கானிக் பானெட்டிடம் சொன்னான்.

லாரிகள் கடந்து போயின. ஒவ்வொன்றும் போகும்போது வேன் லேசாக ஆடியது. மனைவி இப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"பூட்டு எதுக்கு?"

"காலம் கெட்டுக் கிடக்கு. பெட்ரோலைத் திருடறானுங்க."

"எங்க?"

"எங்கயும்தான்."

"ராத்திரி வண்டி நம்ம கேட்டுக்குள்ள நிக்குது. பகல்ல இவன் கூட இருக்கான். யாருக்காகப் பூட்டு?"

ரேடியோ ஒரு அடி பின்னால் நகர்ந்தார். ஆனால் காது எட்டாத தூரத்துக்கு அல்ல.

"குச்சி விட்டுப் பாத்தேன். குறைஞ்சுது. ஒருநாள் இல்ல, பல நாள். பூட்டு போட்டப்புறம் குறையல. நான் என்ன நினைக்கறது?" என்றார் கடைக்காரர். அந்தக் கடைசிக் கேள்வியை அவர் நியாயமாகக் கேட்பதாகத்தான் நினைத்தார். வெளியே வந்தபோது அது வேறு மாதிரி ஒலித்தது.

அவள் அவரையே பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பார்.

"நான்தான் எடுத்தேன்."

"என்ன?"

"பெட்ரோலை. குழாய் போட்டு ஒரு டப்பா எடுப்பேன். கண்ணாடி மேல ஒட்டியிருக்கற லேபிள் பசை தண்ணிக்குப் போகாது. சிலிக்கான் ஒட்டினது போகாது. பெட்ரோல் போட்டுத் துடைச்சாத்தான் போகும். உங்க கண்ணாடியைத்தான் துடைச்சேன். காலைல நீங்க எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி. நீங்க பூட்டு மூடி போட்டப்ப, சரி, பழசு விழுந்துடுச்சுன்னு தின்னர் வாங்கிக்கிட்டேன். ஒரு நாள் கேட்டிருந்தா ஒரு நிமிஷத்துல சொல்லியிருப்பேனே!"

அவர் கடையில் எந்தக் கண்ணாடியிலும் ஒரு கறை இருந்ததில்லை. வாடிக்கையாளர்களிடம் அதைப் பெருமையாகச் சொல்வார். எப்படி என்று யோசித்ததில்லை.

அவள் தம்பியிடம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமா, உன்மேல சந்தேகப்பட்டுத்தான் பூட்டுன்னு?"

"பூட்டு போட்ட அன்னிக்கே தெரியும்."

"எடுக்கறது அக்காதான்னு சொல்ல வேண்டியதுதானே?"

"யார் என்னைக் கேட்டாங்க? கேக்காததுக்குப் பதில் சொன்னா, திருடன் தானா வந்து மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கும். அதுவும் அக்கா மேல பழியைப் போட்டு." அவன் கட்டுப்போட்ட கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டான். "விடு அக்கா. வெயில்ல நிக்க வேணாம்."

மெக்கானிக் பேனாக்கத்தியால் அந்த வாஷரில் காற்று போக ஒரு கீறல் போட்டு மூடியைத் திருப்பி மாட்டினான். பூட்டவில்லை. சாவியைக் கடைக்காரர் பக்கம் நீட்டினான். அவர் வாங்கிக்கொண்டார். வாங்காமல் இருந்திருக்கலாம் என்று பிறகு நினைத்தார்.

"நீங்க ஓட்டுங்க அத்தான். கை வலிக்குது" என்று மச்சான் பின்னால் ஏறினான். அவன் அக்காவும் பின்னால் ஏறினாள். ரேடியோவும். முன்னால் கடைக்காரரும் மெக்கானிக்கும் மட்டும்.

திரும்பி வரும்போது வேன் ஒரு இடத்தில் கூடத் திணறவில்லை. எங்காவது ஒருமுறை குலுங்கினால் போதும் என்று அவருக்கு இருந்தது. வேறு கோளாறும் இருக்கிறது என்று சொல்லலாம். ஏற்றத்தில் மூன்றாம் கியரில் வேண்டுமென்றே அழுத்திப் பார்த்தார். வேன் அழகாக ஏறியது. மெக்கானிக் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் ரேடியோ வாயே திறக்கவில்லை. அவர் பேசாமல் வருகிறார் என்றால் சேர்த்து வைத்துக்கொண்டு வருகிறார் என்று அர்த்தம். சாயங்காலத்துக்குள் தெருவில் பாதி வீடுகளுக்குத் தெரிந்துவிடும். பெண்டாட்டி எடுத்த பெட்ரோலுக்கு மச்சானைத் திருடனாக்கினவன். சொல்வதற்குச் சுருக்கமாக, வசதியாக இருந்தது.

கடைக்கு வந்ததும் மனைவி நேராக உள்ளே போனாள். சாணைக்கல் ஓடும் சத்தம் கேட்டது. யாரும் அவசரமாகக் கேட்காத ஒரு கண்ணாடியின் ஓரத்தை அவள் தேய்க்கத் தொடங்கியிருந்தாள். மச்சான் பின்னறைக்குப் போனான்.

கடைக்காரர் வெட்டுமேசைக்குப் பக்கத்தில் நின்றார். சுவரோரம் ஆளுயரக் கண்ணாடிகள் சாய்ந்து நின்றன. எந்தப் பக்கம் திரும்பினாலும் சட்டைப்பையில் கைவிட்டபடி ஒரு ஆள் நின்றிருந்தான். கையை வெளியே எடுத்தார். அவனும் எடுத்தான்.

பின்னறையில் பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. அவர் சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். ‘இரு’. அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. அதைச் சொன்னால் மீதியை அவள் பார்த்துக்கொள்வாள். வாசல்வரை போய் நின்றார். மச்சான் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தான். இடது கையால் மடிப்பதால் கோணலாக வந்தன.

"தையல் எப்பப் பிரிக்கணும்?" என்று கேட்டார்.

"வரச் சொல்லியிருக்காங்க அத்தான்."

"நான் வேன்ல கூட்டிட்டுப் போறேன்."

"வேணாம். பஸ் இருக்கு."

சாணைக்கல் நின்றது. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"நீ போனா வேனை யாரு ஓட்டுவா?"

சொல்லி முடித்ததும் அது என்ன வாக்கியம் என்று அவருக்கே தெரிந்தது. திரும்பப் பிடிக்க முடியவில்லை. மச்சான் சட்டையை மடிப்பதை நிறுத்தி, உண்மையாகவே யோசித்தான்.

"இனிமே யார் வேணா ஓட்டலாமே அத்தான். நிக்காது."

சாணைக்கல் மறுபடி ஓட ஆரம்பித்தது.

அக்கா வீட்டுக்கு வருவதற்கு முன் அவன் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். அங்கே பழகியவன் ஒருவனின் அறையில் இடம் இருந்தது. வேலையும் கிடைக்கலாம். இதை அவன் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் தலையாட்டினாள். இரு என்று அவளும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் யார் என்று அவளுக்குத் தெரியும்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைவழியாக வந்தவன், வெட்டுமேசை அருகில் நின்றான். பையை இறக்கி மேசைமேல் வைத்தான். ஜிப்பைத் திறந்து இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்தான்.

"பாத்துடுங்க அத்தான்."

"என்னடா இது? மூடு."

"ஃபேக்டரில கேட்டைத் தாண்டறப்பல்லாம் இப்படித்தான். வேலையை விட்டுப் போற அன்னிக்குக் கண்டிப்பாக் காட்டணும். பழக்கம். பாத்துட்டா ரெண்டு பேருக்கும் நல்லது."

குத்திக்காட்டும் குரல் இல்லை. அப்படி இருந்திருந்தால் கடைக்காரர் சண்டை போட்டிருப்பார். சண்டையில் எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். அவன் கடைசி முறையாக வேலையை ஒழுங்காக முடித்துக்கொண்டு போகிறவன் மாதிரி, சட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினான். சவரக் கத்தி. துண்டு. ஒரு ஜோடி செருப்பு. அடியில் துணியில் சுற்றிய ஒன்று. துணியைப் பிரித்தான். கண்ணாடி வெட்டும் கட்டர்.

கடைக்காரரின் கண்கள் மேசையின் மறுகோடிக்குப் போயின. அவருடைய கட்டர் எப்போதும் இருக்கும் இடத்தில் இருந்தது.

அரைக் கணம்கூட இல்லை. போனது தெரியாமல் திரும்பிவிட்டது. அவர் நினைத்துப் பார்க்கவில்லை, கண்தான் போனது. ஆனால் நிமிர்ந்தபோது உள்கதவில் மனைவி நின்றிருந்தாள். கையில் ஈரக் கண்ணாடித் துண்டு. அவள் பார்த்துவிட்டாள் என்பது அவருக்குத் தெரிந்தது.

"இது என்னோடது. அங்க வேலை பாத்தப்ப வாங்கினது" என்றான் மச்சான். துணியில் சுற்றி உள்ளே வைத்து ஜிப்பை இழுத்தான். "வரட்டுமா அத்தான்."

அவர் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு தம்பியோடு வாசல்வரை போனாள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. எதிர்ச் சாரியில் ரேடியோ இரண்டு பேரோடு நின்றுகொண்டிருந்தார். பையோடு வருகிறவனைப் பார்த்ததும் மூவரும் பேச்சை நிறுத்தினார்கள். அவன் அவர்களைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு நடந்தான். அவள் அவன் திரும்புவானா என்று நின்று பார்க்கவில்லை. கடையை மூடுகிற நேரம் ஆகவில்லை. ஆனாலும் உள்ளே வந்து, இரண்டு கதவுகளையும் சேர்த்துச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, பூட்டை அழுத்தினாள்.